கோச்சிங் வகுப்புக்குப் பணம் கட்டும் முன்

பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் போதும், எங்கள் கீழக்கரையில் வீட்டுக்கு வீடு ஒரே பேச்சுதான். "உங்க பிள்ளையை எந்தக் கோச்சிங்ல சேர்க்கப் போறீங்க?" மதுரை, நாமக்கல், சென்னை என்று ஊர்ப் பெயர்கள் அடிபடும். ஆண்கள் பலரும் வெளிநாட்டிலோ வெளியூரிலோ இருக்கிறார்கள். "நீயே விசாரிச்சுச் சேர்த்துடு, பணம் அனுப்புறேன்" என்று போனில் சொல்லிவிடுவார்கள். கடைசியில் முடிவு வந்து நிற்பது நம் தலையில்! ஆகவே சகோதரிகளே, இந்தத் தடவை அடுப்படி சமாசாரத்தை ஒதுக்கி வைத்துவிட்டு இதைப் பேசுவோம்.

நுழைவுத் தேர்வு நமக்குப் புதிதல்ல. தமிழ்நாட்டில் 1984-ல் வந்தது. 2007-ல் எடுத்துவிட்டு, பிளஸ் டூ மார்க்கை வைத்தே டாக்டர் படிப்புக்குச் சேர்த்தார்கள். 2017-லிருந்து நீட். கோச்சிங்கே வேண்டாம், பிள்ளை தானாகப் படிக்கட்டும் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் நீதிபதி ஏ.கே. ராஜன் குழு 2021-ல் கொடுத்த கணக்கைப் பாருங்கள். மருத்துவப் படிப்பில் சேர்ந்தவர்களில் முந்தின வருஷங்களில் பிளஸ் டூ முடித்துவிட்டு மறுபடி முயன்றவர்கள் 2016-17-ல் நூற்றுக்குப் 12 பேர்தான். 2020-21-லோ 71 பேர்! காசும் காலமும் இருக்கிற வீட்டுக்கே இது சாதகம் என்று அந்தக் குழு சொன்னது வாஸ்தவம்தான். அதற்காக நம் பிள்ளையை வெறுங்கையோடு பரீட்சைக்கு அனுப்ப முடியுமா?

அடுத்த தெரு லாத்தா ஒருவர் போன மாதம் பளபளப்பான நோட்டீஸ் ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார். வளையலை அடகு வைக்கத் தயாராக இருந்தார். நோட்டீஸ் முழுக்கச் சிரித்த முகங்கள், ஒவ்வொன்றின் கீழும் பெரிய பெரிய மார்க். "லாத்தா, இந்தப் பிள்ளைங்க அங்கேயே ரெண்டு வருஷம் படிச்சாங்களா, இல்லே கடைசி மாசம் டெஸ்ட் மட்டும் எழுதினாங்களா?" என்று கேட்டேன். "அதை எங்கம்மா போட்டிருக்கான்?" என்றார்.

போட்டிருக்க வேண்டும்! ஜெயித்த பிள்ளையின் படத்தை விளம்பரத்தில் போட்டால், அது எந்த வகுப்பில், எத்தனை காலம் படித்தது, பணம் கட்டிப் படித்ததா என்பதையும் சொல்ல வேண்டும் என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரில் விதி செய்திருக்கிறது. முதல் பெஞ்சுப் பிள்ளையை எந்த வகுப்பில் போட்டாலும் மேலே வந்துவிடும். நாம் கேட்க வேண்டியது நடு பெஞ்சுப் பிள்ளையைப் பற்றி. போன வருஷம் மொத்தம் எத்தனை பேர் படித்தார்கள், அதில் எத்தனை பேருக்குச் சீட் கிடைத்தது? இந்த இரண்டு எண்ணையும் சேர்த்துச் சொல்லாத இடத்தில் நான் பர்ஸைத் திறக்க மாட்டேன்.

பரீட்சை எப்படி என்று நாமும் கொஞ்சம் தெரிந்து வைத்திருப்பது நல்லது. மூன்று மணி நேரத்தில் 180 கேள்வி, 720 மார்க். அதில் 90 கேள்வி உயிரியல். இயற்பியலும் வேதியியலும் தலைக்கு 45. ஆகவே, "உயிரியல் யார் எடுக்கிறாங்க? வருஷம் முழுக்க அவங்களே இருப்பாங்களா?" என்று கேளுங்கள். சரியான விடைக்கு 4 மார்க், தப்பானால் ஒன்று குறையும். தெரிந்த கேள்வியை அவசரத்தில் தப்பாக எழுதினால் ஐந்து மார்க் போச்சு. இது பாடம் கேட்டுத் தீர்கிற விஷயமில்லை. வாராவாரம் டெஸ்ட் வைத்து, எங்கே தவறியது என்று பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுக்க ஆள் வேண்டும். கேள்வித்தாள் தமிழிலும் உண்டு. தமிழ் மீடியம் பிள்ளையானால் வகுப்பும் தமிழில் நடக்குமா என்று கேட்கத் தயங்காதீர்கள்.

அரசுப் பள்ளிப் பிள்ளைகளின் தாய்மார்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியிலேயே படித்தவர்களுக்கு மருத்துவ இடங்களில் 7.5 சதவீதம் தனி ஒதுக்கீடு 2020-லிருந்து இருக்கிறது. அதில் சேர்ந்தால் படிப்புக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. கோச்சிங்கோடு சேர்ந்த தனியார் பள்ளி என்று ஆசைப்பட்டுப் பதினொன்றாம் வகுப்பில் மாற்றிவிட்டால் அந்த வாய்ப்பு போனது போனதுதான். அரசே இலவசப் பயிற்சி நடத்துகிறது, முதலில் பள்ளியில் விசாரியுங்கள். ஐ.ஐ.டி. கான்பூர் நடத்தும் 'சாத்தி' பாடங்களைப் போனிலேயே காசில்லாமல் பார்க்கலாம்.

ஹாஸ்டலில் விடுவதானால் நோட்டீஸைப் பார்த்து விடாதீர்கள். சொல்லாமல் கொள்ளாமல் சாப்பாட்டு நேரத்தில் போய் நில்லுங்கள். எத்தனை பெண்ணுக்கு ஒரு கழிப்பறை என்று எண்ணுங்கள். வரிசையில் நிற்கப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருந்து, நீர்க்கடுப்போடு வீடு திரும்பிய கொமருப் பிள்ளைகளை எனக்குத் தெரியும். ராத்திரி பன்னிரண்டுக்கு விளக்கணைத்துக் காலை நாலரைக்கு எழுப்புகிற இடம் நம் பிள்ளைக்கு வேண்டாம். இந்த வயதில் எட்டு மணி நேரத் தூக்கம் வேண்டும். தூங்காத தலையில் பாடம் தங்காது.

என் சொந்தக்காரப் பெண் ஒருத்தி டைபாய்டு வந்து இரண்டே மாதத்தில் திரும்பினாள். வருஷம் பூராவுக்கும் கட்டிய பணத்தில் ஒரு காசு திரும்பவில்லை. எந்த இடம் என்பது இங்கே வேண்டாம். பாதியில் நின்றால் மீதிக் காலத்துக்கான பணத்தைப் பத்து நாளில் தர வேண்டும், ஹாஸ்டல் பணமும் அதில் சேரும் என்று மத்திய கல்வி அமைச்சகம் 2024 ஜனவரியில் வழிகாட்டு நெறிகள் வெளியிட்டது. பதினாறு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளைச் சேர்க்கக் கூடாது என்றும் அதில் இருக்கிறது. ஆகவே ரசீதில்லாமல் பணம் கொடுக்காதீர்கள், தவணையாகக் கட்டப் பாருங்கள். தகராறு என்றால் நுகர்வோர் உதவிக்கு 1915.

எத்தனை தடவை எழுதுவது என்பதையும் சேர்க்கும் முன்பே வீட்டில் பேசி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு தடவை என்றால் இரண்டுதான். கால்நடை மருத்துவத்துக்குத் தமிழ்நாட்டு ஒதுக்கீட்டு இடங்களைப் பிளஸ் டூ மார்க் வைத்துத் தருகிறார்கள். அந்த விண்ணப்பத்தையும் கூடவே போட்டு வைக்கலாம்.

லாத்தா மகளை வெளியூர் அனுப்பவில்லை. ராமநாதபுரத்தில் ஞாயிற்றுக்கிழமை டெஸ்ட் வகுப்பில் சேர்த்திருக்கிறார். முதலில் மூன்று நாள் சும்மா உட்கார வைத்துப் பார்த்தார். சாயங்காலம் வந்ததும், "இன்னைக்கு என்னம்மா புரிஞ்சுது, எனக்குச் சொல்லு" என்று கேட்டிருக்கிறார். மூன்றாம் நாள் அந்தப் பெண் உம்மாவுக்கு இருதயம் எப்படி வேலை செய்கிறது என்று சிலேட்டில் படம் போட்டுக் காட்டினாளாம். அதற்குப் பிறகுதான் பணம் கட்டினார்கள், அதுவும் முதல் தவணை மட்டும்.