கரப்பான்பூச்சி, வீசிங், ஸ்ப்ரே டப்பா: ஒரு இழை

"கரப்பான் என்ன கடிக்கவா போகுது டாக்டர்?"

குழந்தைக்கு அடிக்கடி வீசிங் வருதேன்னு வீட்டைப் பத்தி விசாரிச்சா, பலர் சொல்ற பதில் இது. இன்னும் சிலர் "தினமும் ஸ்ப்ரே அடிக்கிறோமே"ன்னு பெருமையா சொல்றாங்க. இரண்டும் தப்பு. இரண்டாவது அதைவிடப் பெரிய தப்பு. கொஞ்சம் நீளமான இழை, பொறுமையா வாசிங்க.

தயிர் கொடுத்தே, வாழைப்பழம் கொடுத்தே, அதான் இழுப்பு வந்துருச்சுன்னு அம்மாவைக் குற்றவாளி ஆக்க நம்ம ஊர்ல மாமியார் தொடங்கி பக்கத்து வீடு வரை ஆள் இருக்கு. சிங்குக்கு அடியில, ஃப்ரிட்ஜ் மோட்டார் சூட்டுல, கேஸ் அடுப்புக்குப் பின்னாடி குடும்பம் நடத்துற கரப்பானை மட்டும் யாரும் சந்தேகப்படுறதில்ல.

அது கடிச்சு வீசிங் வர்றதில்ல. அதோட எச்சம், எச்சில், உரிச்சுப் போட்ட தோல், செத்த உடம்பு எல்லாம் காய்ஞ்சு தூளாகி வீட்டுத் தூசியில கலக்குது. பெருக்கும்போதும் பாயை உதறும்போதும் அது கிளம்பி மூச்சுக்குழாய்க்குள் போகுது. ஒவ்வாமை உள்ள குழந்தைக்கு அதிலுள்ள புரதமே மூச்சுக்குழாயைச் சுருக்கப் போதும். பூச்சி செத்து மாசக்கணக்கானாலும் அந்தப் புரதம் தூசியில கிடக்கும்.

1997இல் வெளியான ஆய்வு ஒன்று. அமெரிக்க நகரங்களின் ஏழைப் பகுதிகளில் ஆஸ்துமா உள்ள 476 குழந்தைகளைப் பார்த்தார்கள். கரப்பான் ஒவ்வாமையும் இருந்து, படுக்கையறைத் தூசியிலும் கரப்பான் புரதம் அதிகம் இருந்த குழந்தைகள், மற்றவர்களைவிட 3 மடங்குக்கு மேல் ஆஸ்பத்திரியில் அட்மிட் ஆனார்கள். பூனைக்கோ தூசிப்பூச்சிக்கோ அப்படி ஒரு தொடர்பு தெரியவில்லை.

"அது அமெரிக்கா, நமக்கென்ன"ன்னு கேட்காதீங்க. அடுக்களையில ஓடுற அந்தச் சின்னப் பழுப்புக் கரப்பானுக்கு ஜெர்மன் கரப்பான்னு பேர். 2024இல் மரபணுவை ஆராய்ந்து பார்த்ததில், சுமார் 2100 வருஷத்துக்கு முன்னாடி இந்தியா அல்லது மியான்மர் பக்கம் உருவான இனம் அதுன்னு தெரிஞ்சிருக்கு. பேர்தான் ஜெர்மன், பூர்வீகம் நம்ம பக்கம்! மழை பெய்ஞ்சா சாக்கடை மூடி வழியா ஏறி வருதே பெரிய செங்கரப்பான், அதோட புரதமும் கிட்டத்தட்ட அதே வேலையைச் செய்யும்.

இப்போ ஸ்ப்ரேக்கு வருவோம். எதிர்ல ஓடுற நாலு சாகும். சுவருக்குள்ள இருக்கிற நாப்பது இடம் மாறும். ஜெர்மன் கரப்பான் பெட்டை தன் முட்டைப்பையை, பொரியப்போற நேரம் வரைக்கும் உடம்போடயே சுமக்கும். ஒரு பையில 30, 40 முட்டை. அதுவும் பல ஊர்க் கரப்பான்கள் இந்த மருந்துகளுக்கு அசையாத அளவுக்குப் பழகிப்போச்சு. பழகாதது உங்க குழந்தையோட நுரையீரல்தான். வீசிங் உள்ள பிள்ளை தூங்குற ரூம்ல ஸ்ப்ரே அடிச்சுக் கதவைச் சாத்துறீங்களே, அந்தப் புகையே இழுப்பைக் கிளப்பும். இவ்வளவையும் செஞ்சுட்டு "இன்ஹேலர் வேண்டாம் டாக்டர், பழகிடும்"னு சொல்றதைக் கேட்டா எனக்கு எங்க போய் முட்டிக்கிறதுன்னு தெரியல.

உசிலம்பட்டி, மேலூர், வாடிப்பட்டி பக்கத்துக்காரங்களுக்குத் தனியா ஒண்ணு. வயலுக்கு அடிச்ச மருந்துல மிச்சத்தைக் கூல்டிரிங்க்ஸ் பாட்டில்ல ஊத்தி, கரப்பானுக்குன்னு அடுப்படியில வைக்காதீங்க. தாகத்துல பிள்ளை எடுத்துக் குடிச்சிடும். கரப்பான் இருக்கிற வீடு பிழைக்கும், அந்த பாட்டில் இருக்கிற வீட்டுக்கு உத்தரவாதம் இல்ல.

சரி, என்னதான் செய்ய? கடையில கரப்பான் ஜெல் கிடைக்கும். கீல், இடுக்கு, சிங்க் அடினு பிள்ளைகளுக்கு எட்டாத இடத்துல புள்ளி புள்ளியா வைங்க. தின்ன பூச்சி பொந்துக்குப் போய்ச் சாகும், அதோட எச்சத்தையும் பிணத்தையும் தின்கிற மத்ததும் சாகும். ஜெல் வச்ச இடத்துல ஸ்ப்ரே அடிச்சா எதுவும் கிட்ட வராது, காசு தண்டம். நியூ ஆர்லியன்ஸில் இந்த மாதிரி விஷ இரையை மட்டுமே வைத்துச் செய்த ஆய்வில், கரப்பானும் குறைந்தது, குழந்தைகளுக்கு ஆஸ்துமா தொந்தரவு இருந்த நாட்களும் குறைந்தன. ராத்திரி எச்சில் பாத்திரம் கிடக்கக் கூடாது, ஒழுகுற குழாயைச் சரி பண்ணணும், ஈரத்துணியால துடைக்கணும்.

இதெல்லாம் சொன்னதும் "வீட்டைச் சுத்தமா வச்சுக்கத் தெரியாதா"ன்னு அந்த அம்மா மேலயே பாயுறவங்களுக்கு: செல்லூர்லயோ கிருதுமால் ஓரமோ ஒரு காம்பவுண்ட் வீட்டைப் போய்ப் பாருங்க. பொதுச்சுவர், பொதுச் சாக்கடை, எட்டு குடித்தனம். ஒரு வீட்ல விரட்டினா அடுத்த வீட்டுக்குப் போகும், ஒரு வாரத்துல திரும்பி வரும். அவ துடைச்சுத் துடைச்சு என்ன ஆகப்போகுது? மாசம் பிறந்தா வாடகைக்கு வந்து நிற்கிற ஹவுஸ் ஓனர்தான் சுவர் விரிசலைப் பூசணும், சாக்கடைக்கு மூடி போடணும், எட்டு வீட்டுக்கும் ஒரே நாள்ல ஜெல் வைக்கணும். அவரைக் கேளுங்க. தனியாப் போகாதீங்க, எட்டு குடித்தனமும் சேர்ந்து போங்க.

எல்லா வீசிங்கும் கரப்பானால வர்றதில்ல. கரப்பானை ஒழிச்சாச்சுன்னு நீங்களா மருந்தை நிறுத்தவும் கூடாது. அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்கு வரும்போது, ஓ.பி.ல கூட்டமா இருந்து டாக்டர் கேட்கலைன்னாலும், வீட்ல கரப்பான் இருக்குன்னு கூச்சப்படாம நீங்களே சொல்லுங்க.