கோப்பு தூங்கினால் பிள்ளையின் உரிமை போவதா?

சர்க்கார் மேஜையில் கோப்பு தூங்கலாம். பிள்ளையின் வயது தூங்குமா? தூங்காது. இந்தச் சிறு உண்மையைச் சட்டம் கண்டுகொள்ளாததால், அகதி முகாம்களில் வளரும் பிள்ளைகளின் பிரஜாவுரிமை கைநழுவிப் போகிறது.

யார் இந்தப் பிள்ளைகள்? எருமப்பட்டித் தோழர்களுக்கு இவர்கள் அந்நியரல்ல. பழைய சேலம், திருச்சி ஜில்லாக்களிலிருந்து கங்காணிகள் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கு அழைத்துப்போன ஏழைகளின் சந்ததிகளும் இவர்களில் உண்டு. 1948-ல் இலங்கை சர்க்கார் தோட்டத் தொழிலாளரை நாடற்றவர்களாக்கியது. 1964-ல் சாஸ்திரியும் சிறிமாவோவும் 9,75,000 பேரைப் பங்கு போட்டனர்: இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மீதியைப் பிறகு பார்ப்பது என்று. உழைத்த ஜனங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. 15 வருஷத்தில் முடிப்பதாகச் சொன்ன வேலை முடியவுமில்லை. 1983-ல் படுகொலைகள் நடந்தன; தோட்டத்து ஜனங்களும் வடக்கு, கிழக்குத் தமிழரும் அகதிகளாகக் கரை சேர்ந்தனர்.

2021-ல் தமிழக அரசு தந்த கணக்குப்படி 108 முகாம்களில் 58,822 பேர். நம் நாமக்கல் மாவட்டத்திலும் முகாம் உண்டு. அங்கே இந்த மண்ணிலேயே பிறந்த பிள்ளைகள் ஏராளம். ஆனால் 1987 ஜூலை 1 முதல் இங்கே பிறந்தால் மட்டும் போதாது. பெற்றோரில் ஒருவராவது பிரஜையாக இருக்கவேண்டும். 2004 டிசம்பர் 3 முதல் விதி இன்னும் கடுமை. பெரியவர்கள் மனுச் செய்தால் "சட்டவிரோதக் குடியேறிகள்" என்ற முத்திரை குறுக்கே நிற்கிறது. 2019 திருத்தச் சட்டத்திலும் இலங்கைத் தமிழருக்கு இடமில்லை.

ஒரு கதவு மட்டும் திறந்திருக்கிறது. விசேஷ காரணம் இருந்தால் எந்த மைனரையும் பிரஜையாகப் பதிவு செய்யலாம் என்கிறது குடியுரிமைச் சட்டத்தின் 5(4) பிரிவு. ஆனால் 18 வயது நிறைந்தால் மைனர் இல்லை, கதவும் சாத்தப்படும். தாமதம் செய்வது அதிகாரி, தண்டனை பிள்ளைக்கா?

முதலாளித்துவ அமெரிக்காகூட இந்த அநியாயத்தை ஓரளவு ஒப்புக்கொண்டது. அங்கே 21 வயதானால் பிள்ளை என்ற தகுதி போய்விடும். 2002-ல் போட்ட சட்டப்படி, பிரஜையின் பிள்ளைக்கு மனுப் போட்ட நாளின் வயதே கணக்கு. மற்றவர்களுக்கு மனுவைப் பரிசீலிக்க ஆபீஸ் எடுத்த நாட்கள் வயதிலிருந்து கழியும். விசாவுக்கு வரிசையில் காத்திருக்கும் வருஷங்கள் கழியாததால் நம் நாட்டுக் குடும்பங்கள் இன்றும் அங்கே அல்லாடுகின்றன. குறையுள்ள சட்டம்தான். ஆனால் அந்தக் குறைந்தபட்ச நியாயமாவது இங்கே உண்டா?

2015 ஜனவரி 9-க்கு முன் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர் மீது பாஸ்போர்ட், விசா இல்லை என்பதற்காகத் தண்டனை இல்லை என்று 2025 செப்டம்பரில் மத்திய சர்க்கார் உத்தரவிட்டது. நல்லது. ஆனால் தண்டனை இல்லை என்பது வேறு, உரிமை உண்டு என்பது வேறு.

"நமக்கே வேலையில்லை, அவர்களுக்கு எதற்கு?" என்று சிலர் முணுமுணுக்கலாம். தோழர்களே, உரிமையற்ற கூலி கிடைத்தால் முதலாளி யாருடைய கூலியைக் குறைப்பான்? மில்லிலும் வயலிலும் உள்ள நம் கூலியைத்தான்! அவர்களுக்கு உரிமை வந்தால் நம் சங்கத்துக்குப் பலம் வரும்.

எனவே நாம் கேட்கிறோம்: முகாம் பிள்ளைகளை 5(4) பிரிவின்படி உடனே பதிவு செய்! மனுக் கொடுத்த நாளின் வயதையே கணக்கில் கொள்! 18 தாண்டியவர்களுக்கும் வழி திறக்கச் சட்டத்தைத் திருத்து! ஒவ்வொரு மில் சங்கமும், விவசாயத் தொழிலாளர் சங்கக் கிளையும் இதைத் தீர்மானமாக நிறைவேற்றி டில்லிக்கு அனுப்பட்டும்.