கேட்ட பின்பு சொல்லுங்கள்



மரபணுப் பரிசோதனையில் எதிர்பாராமல் தெரியவரும் நோய் அபாயங்களை நோயாளியிடம் மறைக்கக் கூடாது என்ற தங்கள் கட்டுரையின் கருத்தைப் பாதிதான் ஏற்க முடிகிறது. மறைக்கக் கூடாதுதான், ஆனால், விருப்பம் கேட்காமல் சொல்லவும் கூடாது.

என் அக்கா மகனின் வலிப்புக்குக் காரணம் தேடிக் குழந்தை, பெற்றோர் மூவரின் ரத்தத்தையும் சோதித்தார்கள். வலிப்புக்கு விடை கிடைக்கவில்லை. அக்காவின் பி.ஆர்.சி.ஏ.1 மரபணுவில் மாற்றம் இருப்பது தெரிந்தது. மார்பக, சினைப்பைப் புற்றுநோய் வாய்ப்பைக் கூட்டும் மாற்றம் அது. முன்பே தெரிந்தது நல்லது என்று அக்கா தொடர் கண்காணிப்பில் இருக்கிறார். அதே மாற்றம் தனக்கும் இருக்கலாம் என்று அறிந்த தங்கையோ, வரன் பார்க்கும் இந்த நேரத்தில் எதுவும் தெரிய வேண்டாம் என்கிறாள். இருவர் பக்கமும் நியாயம் இருக்கிறது.

அமெரிக்க மருத்துவ மரபியல் கல்லூரி 2013-ல், 56 மரபணுக்களின் முடிவுகளை நோயாளியின் விருப்பம் கேளாமலே தெரிவிக்கப் பரிந்துரைத்தது. எதிர்ப்பு எழவே, 2014-ல் 'வேண்டாம்' என்று சொல்லும் உரிமையை அளித்தது.

நம் மருத்துவமனைகளும் ரத்தம் எடுக்கும் முன்பே, எளிய தமிழ்ப் படிவத்தில் இரண்டு கேள்விகளைத் தனித்தனியே கேட்கட்டும். தடுக்கக்கூடிய நோய்களின் அபாயத்தைச் சொல்லலாமா? பரம்பரையாக இளவயதில் வரும் அல்சைமர் போல, தடுக்க வழியில்லாதவற்றையும் சொல்லலாமா? பதில் தருமுன் மரபணு ஆலோசகருடன் பேசவும், பின்னர் மனம் மாறினால் பதிலைத் திருத்தவும் வாய்ப்பளிக்க வேண்டும்.

– ஒரு வாசகி, திருச்சி