கியர் போடாம மலை இறங்கலாமா பாஸ்?

செமஸ்டர் லீவுக்கு பைக்கிலேயே டூர் கிளம்பலாம்னு பிளான் போடுற கோஷ்டியா நீங்க? அந்த கோஷ்டியில் ஒருத்தர் கண்டிப்பா இருப்பார். டிராஃபிக்கில் கிளட்சைப் பிடிச்சுப் பிடிச்சு இடது கை மரத்துப் போனவர். 'கியர் போடவே வேண்டாத பைக்கா வாங்கணும் மச்சி' என்பார். உடனே இன்னொருத்தர், 'அதுக்கு ஸ்கூட்டர் போதுமேடா' என்று கலாய்ப்பார். ரெண்டு பேருக்கும் ஒரு விஷயம் சொல்லணும். ஆட்டோமேட்டிக் என்ற ஒரே பேருக்குள் மூணு வேற வேற சமாச்சாரம் இருக்கு.

ஒண்ணு, சி.வி.டி. நம்ம ஸ்கூட்டரில் இருக்கிறதுதான். பெல்ட்டும் ரெண்டு புல்லியும் சேர்ந்து வேலையை முடிச்சிடும். 2007-ல் ஏப்ரிலியா கம்பெனி இதையே 'மானா 850' என்ற பெரிய பைக்கில் வச்சுது.

ரெண்டு, டி.சி.டி. 2009-ல் ஹோண்டா அறிமுகப்படுத்தியது. உள்ளே ரெண்டு கிளட்ச். 1, 3, 5-வது கியர்களை ஒண்ணும், 2, 4, 6-ஐ இன்னொண்ணும் பார்த்துக்கும். 2017-ல் இதோடு இந்தியா வந்த 'ஆப்பிரிக்கா ட்வின்' பைக்கின் அப்போதைய டெல்லி ஷோரூம் விலை 12.9 லட்சம்!

மூணு, சாதாரண கியர்பாக்ஸையே குட்டி மோட்டார்கள் இயக்குவது. 2024-ல் யமஹாவும் பி.எம்.டபிள்யூ.வும் இதைக் கொண்டு வந்தாங்க.

மேட்டில் ஏறும்போது மூணுமே ஜாலிதான். குணம் தெரியுறது இறக்கத்தில்! கொல்லிமலைப் பாதையில் மட்டும் 70 கொண்டை ஊசி வளைவு. கியர் வண்டியை ரெண்டாவது கியரில் போட்டால், என்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். ஸ்கூட்டரில் ஆக்ஸிலரேட்டரை மூடி வேகம் நல்லா குறைஞ்சா, உள்ளே இருக்கும் கிளட்ச் தானா விட்டுடும். அப்புறம் என்ஜின் உதவி கிடையாது. பின்னால் உட்கார்ந்த நண்பன், அவனோட பை, எல்லா பாரமும் பிரேக் தலையில். அது சூடேற ஏற பிடி குறையும். அதனால் ஸ்கூட்டரில் போறவங்க வேகம் ஏற விடாம, ரெண்டு பிரேக்கையும் பிடிச்சு விட்டு, நடுநடுவே நிறுத்தி ஆற விடுங்க.

டி.சி.டி.யிலும் மோட்டார் கியரிலும் இந்தப் பிரச்னை குறைவு. கியரை நீங்களே குறைச்சுக்கலாம்.

ஸோ, டெஸ்ட் ரைடில் மைலேஜை மட்டும் விசாரிக்காதீங்க. இறக்கத்தில் ஒருமுறை ஓட்டிப் பாருங்க. மெதுவா ஒரு 'யூ டர்ன்' அடிங்க. பாதி கிளட்ச் பிடிச்சுச் சமாளிக்க அங்கே லீவர் கிடையாது. பின் பிரேக்கை லேசா மிதிச்சுப் பழகணும். சரிவில் நிறுத்திப் பாருங்க. டி.சி.டி. வண்டியை ஆஃப் பண்ணினா கியர் பிடிச்சு நிக்காது, பார்க்கிங் பிரேக் போடணும். எடையையும் கேளுங்க. முதல் ஆப்பிரிக்கா ட்வினில் கியர் மாடல் 232 கிலோ, டி.சி.டி. 242 கிலோ. பஞ்சர் ஆனா தள்ளப் போறது நீங்கதானே!

கலாய்க்கிறவன் கலாய்ச்சுட்டுப் போகட்டும். ஏறுறதுல கெத்து காட்டுற வண்டி வேண்டாம் பாஸ், உங்களைப் பத்திரமா இறக்கிவிடுற வண்டியை வாங்குங்க. வீட்ல காத்துக்கிட்டு இருப்பாங்க!