எத்தனை குதிரைகள்?

இறக்காமக் குளத்து நீர் பாயும் வயல்களிலே, ஒரு காலத்தில் எருமைகள் மிதித்த சேற்றை இன்று உழவு இயந்திரங்கள் உழுகின்றன. இயந்திரம் வாங்கச் செல்லும் விவசாயி முதலிற் கேட்பது, "எத்தனை குதிரை?" என்பதே. இளைஞர் சிலரும் இக்கேள்வியைக் கேட்கின்றனர். ஆனால் அவர்கள் நோக்கம் வேறு. பழைய காரொன்றை வாங்கி, எஞ்சினைத் திருத்தி, கால் மைல் நேரோட்டப் பந்தயத்தில் விடவேண்டும் என்பது அவர்தம் ஆசை. ஆசை குற்றமன்று. ஆயின் கைப்பணம் கரையுமுன் கணக்குப் பார்ப்பது நன்று.

குதிரைவலு என்பது யாது? நீராவி எஞ்சினின் ஆற்றலை மக்களுக்கு விளக்குதற்காக 18ஆம் நூற்றாண்டிலே ஜேம்ஸ் உவாற்று வகுத்த அளவு அது. 33,000 இறாத்தல் நிறையை ஒரு நிமிடத்தில் ஓரடி உயர்த்துவது ஒரு குதிரைவலு. அவர் பெயராலே வழங்கும் அலகில் இது ஏறத்தாழ 746 உவாற்று.

உதிரிப்பாகம் விற்போர் கணக்கோ வேறு. காற்று வடிகட்டிக்குப் பத்து, சைலன்சருக்குப் பதினைந்து, காபரேட்டருக்கு இருபது என்று கூட்டிக்கொண்டே போவர். எஞ்சின் இந்தக் கூட்டலை அறியாது. அது அறிந்தது மூச்சு ஒன்றே. உட்செல்லும் காற்றின் அளவுக்கே பெற்றோல் எரியும். எரிந்த அளவுக்கே வலு பிறக்கும். 1,500 கன சதமமீற்றர் கொள்ளளவுள்ள நாலடிப்பு எஞ்சினொன்று நிமிடத்திற்கு 6,000 முறை சுழல்கிறது எனக் கொள்வோம். இரு சுற்றுக்கு ஒருமுறையே அது முழு மூச்சு வாங்கும். ஆகவே நிமிடத்திற்கு 4,500 லீற்றர். செக்கனுக்கு 75 லீற்றர். தடைகளைக் கடந்து 85 வீதம் உட்சென்றால் ஏறத்தாழ 64 லீற்றர். நம் கரையோர வெப்பத்தில் அதன் திணிவு சுமார் 74 கிராம். அது 6 கிராம் அளவு பெற்றோலை எரிக்கும். அவ்வெப்பத்திற் கால் பங்குக்குச் சற்று மேலானதே வலுவாக மாறும். எஞ்சியது வீணே கழியும். கணக்கு முடிவில் நிற்பது 90 முதல் 95 வரையான குதிரைவலு. இதே எஞ்சின் இதே சுழற்சியில் 150 தரும் என்று ஒருவர் கூறினால், அதற்குரிய காற்று எவ்வழியாக வரும் என்று கேளுங்கள்.

ஓட்டிப் பார்த்தும் அறியலாம். வலு மாறாதிருப்பின், கடக்கும் நேரத்தின் கனம், திணிவை வலுவால் வகுத்த எண்ணுக்கு விகிதசமமாகும். பௌதிக மாணவர் இதனைத் தாமே நிறுவலாம். இழப்பே இல்லையெனில் கால் மைலுக்குரிய மாறிலி 6.25, உண்மையான ஓட்டங்களில் ஏறத்தாழ 7.6. ஓட்டுநரோடு 900 கிலோகிராம் உள்ள கார் 16 செக்கனில் ஓடி முடித்தால், 7.6ஐ 16ஆல் வகுத்து, விடையின் கனத்தை 900ஆற் பெருக்குக. வருவது சுமார் 96 குதிரைவலு.

அதே கார் 14 செக்கனில் ஓட 144 வேண்டும். இரண்டே செக்கனுக்கு ஒன்றரை மடங்கு வலு! மாறாக, வேண்டாத ஆசனங்களையும் பாரங்களையும் கழற்றி 100 கிலோகிராமைக் குறைத்தால் 0.6 செக்கன் மிச்சமாகும். இது 12 குதிரைவலுவைக் கூட்டியதற்குச் சமம். செலவோ ஒரு மாலைப் பொழுது. தடையிலும் ஆசனப் பட்டியிலும் மட்டும் கை வைத்தலாகாது.

இன்னொரு கணக்கும் உண்டு. 16 செக்கனில் ஓடிய காரும் கோட்டைத் தாண்டும்போது மணிக்கு 130 கிலோமீற்றருக்கு மேல் விரையும். நிற்பதற்கு மேலும் 100 மீற்றருக்குக் குறையாமல் வேண்டும். கல்முனை – அக்கரைப்பற்று வீதியில், துவிச்சக்கர வண்டியிற் செல்லும் பள்ளிப் பிள்ளையின் முன்னே அந்த 100 மீற்றரை எங்கே தேடுவது? அமெரிக்காவில் 1951இல் தேசிய ஹாட் ராட் சங்கம் தோன்றியதே, இவ்விளையாட்டைத் தெருவிலிருந்து அப்புறப்படுத்தவே. களுத்துறைக்கு அருகே கட்டுக்குருந்தையிலும், சென்னைக்கு அருகே சோழவரத்திலும் உலகப் போர்க்கால விமான ஓடுபாதைகளே பந்தயத் திடல்களாயின.

ஆகவே, எஞ்சின் திருத்த விழையும் தம்பிமாருக்கு நாம் கூறுவது இதுவே: முதலில் நிறுவைத் தராசு, அடுத்துப் பென்சில், பின்னரே பணப்பை. ஓடுவதற்குத் தகுந்த திடல் கிட்டும்வரை காரைக் கொட்டிலிலேயே நிறுத்தி வையுங்கள்.