மாரடைப்பில் செவிலியரின் பங்கு

இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுசெல்லும் தமனியில் படிந்த கொழுப்பு வெடித்து, அதன்மேல் ரத்தம் உறைந்து வழியை அடைப்பதே பெரும்பாலான மாரடைப்புகளுக்குக் காரணம். அடைபட்ட அரை மணி நேரத்துக்குள்ளேயே தசை சாகத் தொடங்கும். செத்த தசை மீண்டும் வளராது.

நடு நெஞ்சில் பாரம், இடது கைக்கோ தாடைக்கோ ஏறும் வலி, கொட்டும் வியர்வை ஆகியவை அறிகுறிகள். நெடுநாள் சர்க்கரை நோயாளிகளுக்கு வலியே இல்லாமல் மூச்சுத்திணறல் மட்டும் வரலாம். இந்த அறிகுறிகளை வாயு என்று நினைத்து, சோடாவும் ஓமத் தண்ணீரும் குடித்துவிட்டு விடியட்டும் என்று காத்திருப்பதில்தான் பல உயிர்கள் போகின்றன.

பேராவூரணிப் பக்கத்திலிருந்து தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வர ஒரு மணி நேரத்துக்கு மேலாகும். இத்தகைய தொலைவுகளை எண்ணித்தான் தமிழக அரசு 2023இல் ‘இதயம் காப்போம்’ திட்டத்தைத் தொடங்கியது. ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அட்டார்வாஸ்டாட்டின் மாத்திரைகளைக் கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். அதற்கு முன்பே, சிறிய மருத்துவமனைகளைப் பெரியவற்றோடு இணைத்த தமிழ்நாட்டு ஆய்வொன்று 2017இல் வெளியானது. அதில் ஓராண்டு இறப்பு விகிதம் 17.6 சதவீதத்திலிருந்து 14.2 ஆகக் குறைந்திருந்தது.

நோயாளி மருத்துவமனைக்கு வந்த 10 நிமிடங்களுக்குள் ஈசிஜி எடுக்க வேண்டும். நோயாளியை மானிட்டரில் இணைத்து, மின்னதிர்ச்சி தந்து துடிப்பைச் சீராக்கும் டிஃபிப்ரிலேட்டரைக் கைக்கெட்டும் இடத்தில் வைப்பது செவிலியரின் வேலை. முதல் சில மணி நேரங்களில் துடிப்பு தாறுமாறாகித் திடீரென நின்றுவிடலாம். ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 90 சதவீதத்துக்குக் கீழே போனால்தான் ஆக்சிஜன் தேவை. ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஸ்ட்ரெப்டோகைனேஸ் ஏறும்போது ரத்த அழுத்தம் சரியலாம், ஈறிலோ சிறுநீரிலோ ரத்தம் வரலாம், மூளையிலும் கசியலாம். திடீர்த் தலைவலி, பேச்சுக் குழறல் எதையும் அலட்சியப்படுத்தக் கூடாது. குழாய் வழியே அடைப்பை நீக்கும் ஆஞ்சியோபிளாஸ்டி செய்துகொண்டவரென்றால், குழாய் செலுத்திய மணிக்கட்டையோ தொடையையோ அடிக்கடி பார்த்து, கசிவும் வீக்கமும் இல்லையென உறுதிசெய்ய வேண்டும்.

முதல் நாள் படுக்கை ஓய்வு. மலம் கழிக்க முக்குவது இதயத்துக்குச் சுமை என்பதால் மலமிளக்கி தருவதுண்டு. பயந்து கிடப்பவரிடம் நடப்பதை எளிய தமிழில் சொல்லி அமைதிப்படுத்துவதும் சிகிச்சையே; மருந்துக்கு இணையாக அதை மதிக்க வேண்டும்.

வீடு திரும்பும்போது மாத்திரைகளை விளக்குவதும் செவிலியரே. தமனியைத் திறந்து வைக்கும் ஸ்டென்ட் பொருத்தப்பட்டவர், உடம்பு நன்றாக இருக்கிறதென்று ஆஸ்பிரினையும் குளோபிடோக்ரெலையும் தாமாக நிறுத்தினால் ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளலாம். நெஞ்சுவலி மறுபடி வந்தால், பைக்கில் ஏற்றிக்கொண்டு போகாமல் உடனே 108 ஆம்புலன்ஸை அழையுங்கள்.