கெலிங்: சங்கிலியா, கலிங்கமா?

மலேசியாவில் ஒரு தமிழ்ப் பிள்ளையை அழவைக்க நீண்ட வசவு எதுவும் வேண்டாம். 'கெலிங்' என்ற ஒரு சொல் போதும். தோட்டத்து லயத்தில் வளர்ந்தவர்கள், கோலாலம்பூர் அடுக்குமாடியில் வளர்ந்தவர்கள் என்று பலரும் அதை ஏதாவது ஒரு பள்ளித் திடலில் கேட்டிருப்பார்கள். எங்கிருந்து வந்தது இந்தப் பெயர் என்று விசாரித்தால் ஒரு கதை சொல்வார்கள். வெள்ளைக்காரன் நம் ஆட்களுக்கு விலங்கு மாட்டிக் கப்பலில் ஏற்றி வந்தான். கரையிறங்கி நடக்கையில் சங்கிலி 'கிளிங், கிளிங்' என்று ஒலித்தது. அந்தச் சத்தமே நமக்குப் பெயராகிவிட்டது. சங்கிலி இல்லை, பெண்களின் கால்தண்டை என்று சொல்பவர்களும் உண்டு.

விலங்குகள் இருந்தது உண்மைதான். 1790 வாக்கிலேயே பினாங்குக்கு இந்தியக் கைதிகளை நாடு கடத்தத் தொடங்கிவிட்டது கிழக்கிந்தியக் கம்பெனி. சிங்கப்பூருக்கு 1825 முதல் 1873 வரை கைதிகள் வந்தார்கள். அந்தத் தீவின் சாலைகள், செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம், இன்று அதிபர் மாளிகையாக இருக்கும் இஸ்தானா, எல்லாம் அவர்கள் கை உழைப்பு. ஆகவே அந்தக் கதையில் ஒரு நிஜமான வலி இருக்கிறது. ஆனால் சொல்லின் வயது ஒத்துவரவில்லை. 11-ஆம் நூற்றாண்டு ஜாவாக் கல்வெட்டுகளிலேயே, துறைமுகத்துக்கு வரும் அயல்நாட்டு வணிகர் பட்டியலில் 'கிளிங்' இருக்கிறது. திராவிடர், சிங்களர், கௌடர், கெமர் என்று மற்றவர்களுக்குத் தனித்தனிப் பெயர். அதாவது அன்று கிளிங் என்றால் தமிழர்கூட இல்லை, கலிங்கக் கரைக்காரர்கள். பிற்பாடுதான் அந்தப் பெயர் வங்கக் கடலின் மேற்குக் கரையிலிருந்து கப்பலேறிய எல்லோர்மீதும் படர்ந்தது. அறிஞர்கள் பெரும்பாலும் ஏற்கும் விளக்கம் இதுதான்.

மலாக்காவுக்கு வந்தால் இந்தப் பெயரின் நடையே வேறு. சுல்தான்கள் காலத்தில் அந்தத் துறைமுகத்தில் நான்கு ஷாபண்டர்கள், அதாவது துறைமுக அதிகாரிகள், இருந்தார்கள். அவர்களில் ஒருவரின் பொறுப்பில் இருந்தவர்கள் கெலிங் வணிகர்கள். மலாய் வரலாற்று இலக்கியமான 'செஜாரா மெலாயு', கெலிங் நாட்டிலிருந்து வந்த மணி புரிந்தன் என்பவரின் வழியில் சில பெண்டஹாராக்கள், அதாவது முதலமைச்சர்கள், தோன்றினார்கள் என்கிறது. மலாய்க்காரர்களின் காவிய வீரன் ஹாங் துவா கெலிங் நாட்டுக்குத் தூது போகிறான். அந்த மொழியைப் பேசத் தெரிந்ததை அவன் பெருமைகளில் ஒன்றாகவே காவியம் சொல்கிறது. 1511-இல் நகரைப் பிடித்த போர்த்துகீசியர், இந்துக்களுக்குத் தலைவராக நியமித்தது நினா சட்டு என்ற கெலிங் வணிகரை. 1748-இல் எழுந்த கம்போங் கிளிங் பள்ளிவாசல் இன்றும் மலாக்காவில் நிற்கிறது. பினாங்கில் 1801-இல் காதர் மொஹிதீன் நிறுவிய பள்ளிவாசலுக்கு அவருடைய பதவியின் பெயரே நிலைத்துவிட்டது: கப்பித்தான் கெலிங். சமூகத் தலைவருக்கு ஆட்சியாளர்கள் தந்த பட்டம் அது. அதைத் தன் பள்ளிவாசலின் பெயராக அந்தச் சமூகம் இன்றும் சுமக்கிறது.

பிறகு வந்தது தோட்டம். முதலில் கரும்பு, காப்பி, அப்புறம் ரப்பர். ஒப்பந்தக் கூலி முறை 1910-இல் நின்றது. கங்காணி முறை 1938 வரை ஓடியது. அந்த ஆண்டுகளில் கெலிங் என்றதும் மலாய்க்காரர் கண்முன் வந்தவர் கப்பல் முதலாளி அல்லர். இடுப்புத் துணியோடு பால்மரம் சீவும், கடனில் மூழ்கிய, கள்ளுக்கடையைத் தவிர வேறு போக்கிடம் இல்லாத மனிதர். பெயர் அப்படியே இருக்க, பெயருக்குள் இருந்த ஆள் மாறிவிட்டார். அவமானம் சங்கிலிச் சத்தத்திலிருந்து வரவில்லை, தோட்டத்திலிருந்து வந்தது என்பது என் எண்ணம்.

வந்தேறிகளின் பட்டப்பெயர்களுக்குச் சிறையையும் அரசாங்க முத்திரையையும் மூலமாகச் சொல்லும் வழக்கம் நம்மிடம் மட்டும் இல்லை. ஆஸ்திரேலியர்கள் ஆங்கிலேயரைப் 'பாம்' என்பார்கள். 'தாய்நாடாம் இங்கிலாந்தின் கைதி' என்பதன் முதலெழுத்துகள் என்று அங்கே பலர் சத்தியம் செய்வார்கள். கைதிக் கப்பல்கள் 1868-லேயே நின்றுவிட்டன. அந்தச் சொல் அச்சில் தலைகாட்டியது 1910-களில்தான். மாதுளையின் ஆங்கிலப் பெயரை வைத்து, குடியேறியைக் குறிக்கும் சொல்லோடு எதுகையாக விளையாடியதில் பிறந்தது என்பதே வலுவான விளக்கம். அமெரிக்காவில் இத்தாலியரை இழித்த 'வாப்' என்ற சொல்லைக் 'காகிதம் இல்லாதவன்' என்று விரிப்பார்கள். குடியேறிகள் விசாவோடு வரவேண்டும் என்று 1924-இல் சட்டம் வருவதற்கு முன்பே அந்த வசவு புழங்கியிருக்கிறது. நேப்பிள்ஸ் பக்கத்துப் பேச்சில் சண்டியரைக் குறிக்கும் சொல் அதன் வேர் என்கிறார்கள். காயம் பட்டவர்களுக்குத் தங்கள் காயத்தின் அளவுக்குப் பெரிய மூலக்கதை ஒன்று தேவைப்படுகிறது.

2003-இல் மலேசியாவில் சிலர் நீதிமன்றம் போனார்கள். அரசின் மொழி நிறுவனமான டேவான் பஹாசா டான் புஸ்தாகா தன் அகராதியிலிருந்து இந்தச் சொல்லை நீக்க வேண்டும் என்பது கோரிக்கை. இதுபோன்ற எதிர்ப்புக்குக் கிடைக்கும் வழக்கமான பதில் எனக்கு எரிச்சலூட்டுகிறது: 'கலிங்கம் என்ற பெருமையான பெயரிலிருந்து வந்ததுதானே, இதில் என்ன அவமானம்?' பள்ளித் திடலில் அதை வீசுகிற பையன் அசோகர் படையெடுத்த கலிங்கத்தையா நினைத்துக்கொண்டு வீசுகிறான்? வேர் நல்லதாக இருந்ததால் அடி வலிக்காமல் போகாது. வலிக்கிறது என்று சொல்ல ஒருவன் தன் முன்னோர் காலில் சங்கிலியைக் கற்பனையில் மாட்டிக்கொள்ள வேண்டிய தேவையும் இல்லை. வலிக்கிறது என்பதே போதும். ஆனால் சங்கிலிக் கதையை நாமே திரும்பத் திரும்பச் சொல்வதால், ஷாபண்டரும் கப்பித்தானும் நம் பிள்ளைகளின் நினைவிலிருந்து போய்விடுகிறார்கள். அது எனக்குப் பெரிய இழப்பாகப் படுகிறது. அகராதியில் சொல் இருக்கட்டும், இது இழிவழக்கு என்ற குறிப்போடு. பள்ளிவாசல்களின் பெயரில் யாரும் கைவைக்க வேண்டாம். மலேசியத் தமிழ்ப்பள்ளிகளில் மலாக்காப் பாடம் நடக்கும்போது பெயரின் பழைய மதிப்பையும் பிந்திய இழிவையும் ஒன்றாகச் சொல்லலாம்.

சிங்கப்பூரில் கிளிங் தெரு என்றொரு தெரு இருந்தது. அந்தப் பெயர் இந்தியர்களைப் புண்படுத்தியதால் 1920-களின் தொடக்கத்தில் அது சூலியா தெருவானது. சூலியா என்பதும் தமிழ் முஸ்லிம் வணிகர்களுக்கு மற்றவர்கள் வைத்த பெயர்தான். சோழர் என்பதிலிருந்து வந்ததென்று சிலர் சொல்ல, மறுப்பவர்களும் உண்டு. அந்தச் சர்ச்சை இன்னும் தீரவில்லை. இருந்தும் அந்தத் தெருப்பலகையைப் பார்த்து ஒரு தமிழருக்கும் முகம் சுருங்குவதில்லை. அந்தச் சொல்லை யாரும் அவர் மீது எறிந்ததில்லை.